குங்குமம் ஊறிய கழுத்து

எடையளவு ஆய்வாளரின் மகளாகப் பிறந்தவளுக்கு உலகத்தில் எந்தத் தராசும் நேராக நிற்பதாகத் தோன்றாது. அப்பா விக்கிரமசிங்கபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடை கடையாகப் போய்ப் படிக்கல்லைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மாறாது. அம்மா வாங்கி வைத்த கத்தரிக்காயை ஒரு முறை கையில் தூக்கிப் பார்ப்பார். வந்த விருந்தாளி அதிகமாகச் சிரித்தால், அவர் போன பிறகு, "சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்பார். தம்பிக்கு இந்தக் குணம் ஒட்டவில்லை. எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வருடமே மாணவர்கள் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. நாலு பேர் பயந்தால்தான் சோதனைச்சாலையில் தவளை குறையாமல் இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கழுத்து எங்கள் கல்லூரிக்கு வந்தது. ஊரிலிருந்த பழைய மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பெரிய கூடத்தை இடித்துக் கட்டினார்கள். அங்கே இருந்த காட்சிச் சாமான்களை யாராவது எடுத்துப் போனால் சரி என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் துறையில் என்னோடு வேலை பார்த்த விரிவுரையாளர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர். அவர்தான் போய்ப் பேசி, ஒரு மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஆள் நீளத்துக்கும் கூடுதலான கனத்த மரச்சட்டம், மேலே பூட்டு வைத்த கண்ணாடிக் கதவு. அதற்குள் சாம்பல் நிறப் பாறை. பாறைமேல் ஒரு நீண்ட கழுத்து வளைந்து கிடந்தது. கழுத்தின் முடிவில் தோள் எலும்பு கொஞ்சம், துடுப்பு போன்ற கால் ஒன்று. தலை இல்லை. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு பாதிரியார் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்று சொன்னார்கள்.

மாணவர்கள் அதற்குப் பாம்புத்தாரா என்று பெயர் வைத்தார்கள். நயினார்குளத்தில் உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போகுமே, அந்தப் பறவை. பெயர் பொருத்தம்தான். ஆனால் இது பறவையும் இல்லை, பலர் நினைப்பதுபோல டைனோசாரும் இல்லை. ஜுராசிக் காலத்துக் கடலில் நான்கு துடுப்புக் கால்களால் நீந்தித் திரிந்த ஊர்வன வகை. பிளிசியோசார் என்பார்கள். ஒரு காலத்தில் நீளக் கழுத்தும் துடுப்பும் கிடைத்தால் போதும், எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டு மூடிவிட்டார்கள். பலசரக்குக் கடையில் எதிலும் சேராத சாமான்களுக்கென்று ஒரு டப்பா இருக்குமே, அப்படி. பின்னால் வந்தவர்கள் அந்த டப்பாவைக் கொட்டிப் பிரித்தார்கள். பிரிப்பதற்குக் கழுத்து எலும்புகள்தான் பெரிய ஆதாரம். மொத்தம் எத்தனை, ஒவ்வொன்றும் குட்டையா நீளமா, பக்கத்தில் விலா எலும்பு வந்து பொருந்தும் குழி ஒன்றா இரண்டா என்று பார்ப்பார்கள். பொதுவாக, முந்திய காலத்தவற்றுக்குப் பக்கத்துக்கு இரண்டு குழி. பிந்திய காலத்தவற்றுக்கு ஒன்று.

எங்கள் கழுத்தில் இரண்டும் இருந்தன. முன்பக்க எலும்புகளில் இரண்டு குழிகள். நடுவில் வரவர அவை நெருங்கி, ஒன்றையொன்று தொட்டு, பின்பக்கம் போகும்போது ஒரே குழியாகிவிட்டன. மாறிக்கொண்டிருக்கும் ஒரு பிராணி, இரண்டு காலத்துக்கும் நடுவில் நிற்கிறது. உலகத்தில் யாரும் எழுதாதது. எங்கள் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். இது புதுப் பேரினம், இதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள், நானே நெறியாளராக இருக்கிறேன் என்றார். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. புதுப் பேரினம் என்றால் புதுப் பெயர். எங்கள் தாமிரபரணியின் பழைய பெயரான பொருநையை உள்ளே வைத்து ஒரு பெயரை அன்றே மனதுக்குள் செய்துவிட்டேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, யாராவது பார்த்துவிட்டால்?

யாராவது என்றால் அவரைத்தான் சொல்கிறேன், சட்டத்தைக் கொண்டுவந்த அந்த விரிவுரையாளரை. துறைத் தலைவர் ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான் இருந்தன. எங்கள் இருவரில் யார் முதலில் பட்டம் வாங்குகிறாரோ அவருக்குத்தான் தலைமை என்று நிர்வாகம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது. அவர் நன்னீர் நத்தைகளில் பதிவு செய்திருந்தார். அப்படிப்பட்டவர் இவ்வளவு பெரிய பொருளைத் தன் கையால் கொண்டுவந்து, எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நத்தை பொறுக்கப் போவாரா? சோழியன் குடுமி என்ன, மொத்தத் தலையும் ஆடுவதாக எனக்குத் தோன்றியது. சட்டம் வந்த மறு வாரம் அவர் என் மேசைக்கு வந்து, "மேடம், அந்தக் கழுத்தப் பத்தி ஒரு விசயம்..." என்று ஆரம்பித்தார். நான் அவரை முடிக்க விடவில்லை. ஆராய்ச்சிப் பொருளுக்கு இரண்டு சாவி இருப்பது முறையில்லை, உங்களிடம் இருப்பதைத் தந்துவிடுங்கள் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடிப் பெட்டியின் இரண்டு சாவிகளும் என் தாலிக்கொடியில் கோத்த ஊக்கில்தான் தொங்கின.

நான்கு வருடம் உழைத்தேன். மாலை வகுப்பு முடிந்ததும் பெட்டியைத் திறப்பேன். ஒவ்வொரு எலும்பையும் அளந்து, வரைந்து, படம் எடுத்து, வெளிநாட்டுப் படங்களோடு ஒப்பிடுவேன். வீட்டில் கணவர் தானே சாதம் வடித்துக்கொள்ளப் பழகிவிட்டார். என் பிடரியைத் தடவி, "இது எந்தக் காலத்துக் கழுத்து, ஒரு குழியா ரெண்டு குழியா?" என்று கேலி செய்வார். எனக்கும் சிரிப்பு வரும். அந்த வருடங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது புரியாது. ஆனாலும் பெட்டியைப் பூட்டினால் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். அந்த விரிவுரையாளர் கையில் வெள்ளைப் பொடி படிந்திருந்ததை ஒரு நாள் பார்த்தேன். விசாரித்தால், பேட்டையில் ஒரு சாக்பீஸ் பட்டறைக்குப் போய்வருகிறார், மாணவர்களுக்கு ஏதோ மாதிரிகள் செய்கிறாராம். என்ன மாதிரிகள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

ஆய்வேட்டைக் கோடையில் ஒப்படைத்தேன். சென்னையிலிருந்து வரப்போகும் புறத்தேர்வாளர் நல்லபடியாக அறிக்கை அனுப்பினார். ஒரு வரி மட்டும் கூடுதலாக எழுதியிருந்தார்: வாய்மொழித் தேர்வான வைவா அன்று பொருளை நேரில் பார்க்க விரும்புகிறேன். வைவாவைக் கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் சரஸ்வதி பூசை வந்தது.

எங்கள் கல்லூரியில் பூசை அன்று சகலத்துக்கும் பொட்டு உண்டு. நுண்ணோக்கி, தராசு, பாடம் செய்த உடும்பு, மனித எலும்புக்கூட்டின் நெற்றி என்று எதையும் விடமாட்டார்கள். முந்தைய வருடங்களில் கழுத்துப் பெட்டிக்குக் கண்ணாடியின் மேலேயே பொட்டு வைத்துவிடுவார்கள். அந்த வருடம் சோதனைச்சாலை உதவியாளர் விடவில்லை. "கண்ணாடிக்கு வச்சா கண்ணாடிக்குத்தான் டீச்சர் சேரும். ஒங்களுக்குப் பட்டம் வருத வருசம். தொறந்துவிடுங்க, பைய ஒரு பொட்டு வச்சிட்டுப் போயிருதேன்" என்றார். பட்டம் என்ற சொல்லில் நானும் இளகிவிட்டேன். திறந்துவிட்டேன், பக்கத்திலேயே நின்றும் கொண்டேன். ஒரு பொட்டு என்றவர் கிண்ணத்திலிருந்த சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு, கழுத்தின் ஒவ்வொரு எலும்புக்கும் வைத்தார், அதன் மேல் குங்குமமும் வைத்தார். வரிசையாகப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சூடம் காட்டி, சுண்டல் தின்று, பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

விடுமுறை முடிந்து வந்து, பொட்டுகளைத் துடைக்க ஈரத்துணியோடு பெட்டியைத் திறந்தேன். முன்பக்க எலும்புகளில் சந்தனம் காய்ந்து ஏடாகி, துணி பட்டதும் உதிர்ந்தது. பின்பக்கமும் அப்படியே. நடுவில் இருந்த எலும்புகளில் மட்டும் உதிரவில்லை. அங்கே சந்தனத்தின் ஈரம் உள்ளே இறங்கி, குங்குமம் அதோடு ஊறி, ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு வட்டம் பரவியிருந்தது. தேய்த்தேன், போகவில்லை. கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போன எலும்பு தண்ணீர் குடிக்காது. பக்கத்து எலும்பு குடிக்கவில்லையே. இது மட்டும் ஏன் குடிக்கிறது?

ஊக்கைக் கழற்றி அதன் முனையால், சிவப்பு வட்டத்துக்குக் கீழே மெதுவாகக் கீறினேன். சாம்பல் நிறம் தோலாக உரிந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. அடுத்ததைக் கீறினேன், அதுவும் சுண்ணாம்பு. அதற்கடுத்ததும் அதுதான். கடைசியில் எலும்புகளைச் சுற்றியிருந்த பாறையைக் கீறினேன். அந்த இடத்தில் பாறையும் சுண்ணாம்பாகத்தான் இருந்தது. என் இரண்டு குழிகள் நெருங்கித் தொட்டு ஒன்றாகிற இடம் முழுவதும் யாரோ பிசைந்து வைத்தது. முன்னால் இருந்தது இரண்டு குழிக்கார நிஜ எலும்பு, பின்னால் ஒரு குழிக்கார நிஜ எலும்பு. நடுவில் இருந்த மாறிக்கொண்டிருக்கும் பிராணி சாக்பீஸ்.

என் புத்தி நேராக எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? திருடன், திருடன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடுத்த நாள் பேட்டைக்குப் பஸ் ஏறினேன். நிஜ எலும்புகளை எடுத்து எங்கேயோ கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுண்ணாம்பை வைத்துவிட்டான். சாவி அவனிடம் இல்லைதான், ஆனால் கொடுப்பதற்கு முன் ஒன்று வெட்டி வைத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? அவன் இவன் என்று மனதுக்குள் ஒருமைக்கு இறங்கிவிட்டேன்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் சின்னச் சின்னப் பட்டறைகள். சாக்பீஸ் பட்டறைக்காரர் வாசலில் தட்டுத் தட்டாகக் காயவைத்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்கு மொத்தமாக சாக்பீஸ் வாங்க வந்ததுபோலப் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் சார் ஒருவர் இங்கே வருவாராமே அண்ணாச்சி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "தங்கமான மனுசம்லா. எலும்பு ஒண்ணு கொண்டாந்தாவ. இதே மாதிரி அச்சு எடுத்து ஊத்தணும், அடையாளம் தெரியக் கூடாதுன்னாவ. ரப்பர்ல அச்சு போட்டுக் குடுத்தேன். அவியளே ஒக்காந்து ஊத்தி, சாயம் பூசி எடுத்துட்டுப் போனாவ" என்றார்.

அடையாளம் தெரியக் கூடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மூன்று சொற்களையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். கோபத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது, அதை மறைப்பானேன். திருட்டு என்றால் எலும்பு எங்கேயோ நிஜமாக இருக்கிறது. இரண்டு குழி ஒன்றாகிற அந்த நிஜ எலும்புகள் இருக்கின்றன. என் பிராணி உயிரோடிருக்கிறது.

ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத சமயம் பார்த்து அவரிடம் நேராகக் கேட்டேன். பேட்டையில் என்ன செய்தீர்கள், அதை எங்கே வைத்தீர்கள்? அவர் தன் அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என் முன்னால் கவிழ்த்தார். எல்லாம் சுண்ணாம்பு எலும்புகள். சட்டத்தோடு வந்த உதிரி எலும்பு ஒன்று செய்முறைப் பெட்டியில் கிடந்தது. அதை வைத்து வார்த்தவை, மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும்போது நிஜம்போலவே இருக்கட்டும் என்று. எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றிலும் ஒரே ஓரத்தில் ஒரே சிறு உடைவு. பெட்டிக்குள் இருந்தவையோ ஒன்றுபோல ஒன்று இல்லை. கழுத்து பருக்கப் பருக்க அவையும் பருத்தன, குழிகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கின. ஒரே அச்சில் ஊற்றுகிறவரால் அது முடியாது. இந்தப் பிராணியைப் பற்றி நன்றாகப் படித்த கை ஒன்று, ஒவ்வொன்றாகச் செதுக்கி வைத்த வேலை. இவ்வளவும் எனக்கு அந்த டின்னைப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. நான்கு வருடம் எலும்பை அளந்தவளுக்கு அதுகூடப் புரியாதா?

"நடுவுல உள்ளதுதான மேடம்?" என்றார் அவர். "எங்க ஸ்கூல்ல படிச்ச எல்லாப் பயலுக்கும் தெரியும். சார் இல்லாத நேரத்துல அதத்தான் அடியில சொரண்டிச் சொரண்டித் தரையில கட்டம் போடுவோம். மத்த எலும்பு எழுதாது. அது மட்டும் சாக்பீஸ் கணக்கா எழுதும். அப்புறம் யாரோ பாத்துட்டு, பெயிண்ட் அடிச்சு, கண்ணாடி போட்டுப் பூட்டிட்டாவ."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லத்தான வந்தேன். நீங்க சாவியக் கேட்டிய."

"பெறவு சொல்லியிருக்கலாம்லா. நாலு வருசம் இருந்துச்சே."

"சொன்னா நம்பியிருப்பியளா மேடம்? பட்டத்தக் கெடுக்கப் பாக்கான்னு நெனச்சிருப்பிய."

நினைத்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் சுண்ணாம்பு எலும்புகளை ஒவ்வொன்றாக டின்னில் திரும்பப் போட்டார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் வேண்டுமென்றே என்னைக் கிணற்றில் இறங்கவிட்டு வேடிக்கை பார்த்தார் என்று ஒரு மனம் சொன்னது. சாவியைப் பிடுங்கியவளிடம் வலிய வந்து யார் பேசுவார்கள் என்று இன்னொரு மனம் சொன்னது. இந்த வழக்கு எனக்குள் இன்னும் தீரவில்லை.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். நூறு வருடத்துக்கு முன்னால் சீமையில் யாரோ, இரண்டு வெவ்வேறு பிராணிகளின் கழுத்துத் துண்டுகளை வைத்துக்கொண்டு, முழுசாகத் தெரியட்டும் என்று நடுவில் சுண்ணாம்பால் ஒட்டுப் போட்டிருக்கிறார். நான் கண்டுபிடித்த பேரினம் அந்த ஒட்டு. அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். திடுக்கிடவில்லை. மேசைமேல் இருந்த ஊறுகாய்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "குங்குமத்தச் சொரண்டிட்டு, ஒரு கை பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது. நாலு வருசம் பாத்த நமக்கே தெரியல, ஒரு மணி நேரம் பாக்கவருக்கா தெரியப் போவுது? கையெழுத்துப் போட்டவன் நானும்தாம்மா" என்றார். நமக்கே தெரியல என்றாரே, அந்த 'நமக்கே'யில் அவர் உண்மையில் உண்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தவர் அவர். கிட்டப்பார்வைக்காரருக்குக் கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும்.

பெயிண்ட் அடிக்கவில்லை. நேர்மையால் அடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். அப்பாவின் முத்திரை, கள்ளப் படிக்கல் என்றெல்லாம் அழகாகச் சொல்லலாம். அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் கூடவே ஒரு பயமும் இருந்தது. வைவா எல்லோர் முன்னிலையிலும் நடப்பது, அறைக்குள் இருக்கும் யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். அந்த விரிவுரையாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நான் பெயிண்ட் அடித்துவிட்டுப் பேசி முடித்ததும் எழுந்து, மேடம் அந்த நடு எலும்பு என்று ஆரம்பித்தால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கணவரிடம் சொன்னபோது அவர் இந்த முறை கேலி செய்யவில்லை. பட்டம் போனாலும் போகட்டும், நீ தூங்கு, அது போதும் என்றார். எனக்கோ பட்டம் போகக் கூடாது. நான்கு வருடம் போகக் கூடாது. ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு அதை யாருக்கும் சொல்லாமலே தொலைப்பது எவ்வளவு வலி என்று அவருக்குத் தெரியாது, நான் அவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வேறு விதமாகத் தயார் செய்தேன். நடுப்பகுதியை நீக்கிவிட்டு மீதியைப் பார்த்தால், ஒரே கழுத்து என்று நம்பிய இடத்தில் இரண்டு கழுத்துகள். முன் துண்டு ஒரு வகை, பின் துண்டு இன்னொரு வகை. இரண்டும் ஏற்கெனவே உலகம் அறிந்த குடும்பங்கள்தான். எந்தச் சிற்றினம் என்று உறுதியாகச் சொல்ல இருக்கிற எலும்பு போதாது. புதுப் பெயர் ஒன்றும் இல்லை. பழைய பெயரைப் பிரித்து, இது இதுவாக இருக்கலாம், அது அதுவாக இருக்கலாம் என்று சொல்லும் ஒரு சின்ன ஆய்வேடு அதற்குள் மிச்சம் இருந்தது. அதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

வைவா அன்று அறை நிறைந்துவிட்டது. உறவுக்காரர்கள், மாணவர்கள், பக்கத்துத் துறைக்காரர்கள், இடைவேளைக்கு அல்வாவும் மிக்சரும். புறத்தேர்வாளர் ஒல்லியான மனிதர், தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிறவர். நான் எழுந்து, ஆய்வேட்டில் எழுதியதை விட்டுவிட்டு, பூசை, சந்தனம், ஊக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். புறத்தேர்வாளர் எழுந்து பெட்டியருகே போய், சிவப்பு வட்டங்களைப் பார்த்தார், ஊக்குக் கீறல்களைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேள்விகளை ஆரம்பித்தார்.

இந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது? என்னிடம். எத்தனை வருடமாக? நான்கு வருடமாக. வேறு யாரிடமாவது? இல்லை. அப்படியானால் இந்தச் சுண்ணாம்பு, பெட்டி இங்கே வரும்போதே இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அவர் விளக்கினார். புதுப் பேரினம் வேண்டும் என்பதற்காக ஒருவர் நடுவில் இட்டு நிரப்பியிருக்கலாம். பொருளை நேரில் பார்ப்பேன் என்று தேர்வாளர் எழுதியதும் பயந்து, பூசை என்று ஒரு கதை சொல்லலாம். நான் உங்களைக் குற்றம் சாட்டவில்லை, ஆனால் சந்தேகம் வருகிறது அல்லவா என்றார்.

வருகிறது. அவர் இடத்தில் இருந்தால் எனக்கும் அதேதான் வந்திருக்கும், அதைவிட வேகமாக வந்திருக்கும். ஒருவரும் தொடாதபடி இரண்டு சாவியையும் தாலியில் கட்டிக்கொண்டு அலைந்தவள், தொட்டது நானில்லை என்று எப்படிச் சொல்வேன்? துறைத் தலைவரைப் பார்த்தேன், அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டம் இல்லை, புதுப் பெயர் இல்லை என்பதெல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஊருக்கு முன்னால் நான் கள்ள எலும்பு செய்தவள் ஆகப்போகிறேன். அப்பா மூன்றாவது வரிசையில் வேட்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றார். அந்தப் பள்ளியில் தான் படித்ததையும், சிறு வயதில் அந்த எலும்புகளைச் சுரண்டித் தரையில் கோடு போட்டதையும், பள்ளியில் பெயிண்ட் அடித்ததையும் அடக்கமாகச் சொன்னார். தன்னோடு படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றார். எனக்குப் பட்டம் கிடைத்தால் தலைமை தனக்கு இல்லை என்பது அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் புறத்தேர்வாளருக்குத் தெரியாதே. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட். கூட வேலை பாக்கிறவங்களைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

"இல்ல சார்" என்றார் அவர். "மேடத்துக்கு என்னைக் கண்டாலே ஆகாது. வந்த நாள்ல இருந்து என்னைத் திருடன்னுதான் நெனைக்காங்க. போன மாசம்கூட எனக்குத் தெரியாம பேட்டைக்குப் போய் என்னைப் பத்தி விசாரிச்சிட்டு வந்தாங்க. வேணும்னா அவங்களையே கேளுங்க."

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். புறத்தேர்வாளர் என் பக்கம் திரும்பி, உண்மைதானா என்று கேட்டார். அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார், என்னைப் பார்க்கவில்லை, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா, என் கணவர், மாணவர்கள், சோதனைச்சாலை உதவியாளர் என்று எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"உண்மைதான் சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்தச் சொல்லையும் அத்தனை பேர் அத்தனை சீக்கிரம் நம்பியதில்லை.